ஹாலில் பன்னிரண்டு வேன் இருக்கைகள்

ஜூன் 6, திங்கள்

காலையிலிருந்து மழை. கொமுட்டர் ரயில் தாமதம். கல்லூரியில் பாடம் நடத்த நனைந்தே போய்ச் சேர்ந்தேன். குடை எங்கே?

மாலை கிள்ளான் திரும்பியதும் தங்கை மாலாவுடன் விண்ணப்பப் பாரம் நிரப்பும் வேலை. கோவிட்டில் முடங்கிய சுற்றுலா வண்டிகளைப் பழுதுபார்க்க அரசாங்க மானியம். எனக்கு நம்பிக்கையில்லை. முன்பு இரண்டு பாரம் அனுப்பினோம், பதிலே இல்லை. இதுவும் போனால் அவளுடைய சுற்றுலா வேனை விற்க வேண்டியதுதான். ரவாங்கிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், சாமான் ஏற்ற. மாலாவின் இருபது வருஷத் தொழில்.

நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: வண்டி வேறு வேலைக்குப் பயன்பட்டதா? நடமாட்டக் கட்டுப்பாடு வந்த மாதமே மாலா இருக்கைகளைக் கழற்றி ஹாலில் போட்டுவிட்டு, பாசார் சந்தையிலிருந்து வெங்காயமும் நெத்திலியும் ஏற்றினாள். இரண்டு வருஷம். நெத்திலி உப்பில் வேனின் தரை துருப்பிடித்துப் போச்சு. இப்போது இருக்கைகளின் திருகாணி அதில் நிற்காது.

'இல்லை' போடச் சொன்னேன். படித்தவள் சொன்ன யோசனை.

"உள்ள ஏறினாலே வெங்காயம் மணக்குது. பொய் சொல்லி மாட்டணுமாக்கா?"

'ஆம்' போட்டாள். எனக்குக் கோபம். 

ஜூன் 9, வியாழன்

வெயில். வாங்க வேண்டியவை: எலுமிச்சை, சோப்புத்தூள், தேய்க்கும் பிரஷ்.

வேனைப் பார்க்க அதிகாரி வருவார் என்று தகவல். பட்டறை செல்வம் அண்ணன் வந்தார். பாரத்தில் தவறிப்போய் 'ஆம்' போட்டதாகச் சொல்லி, இருக்கைகளைக் கம்பியால் கட்டி நிறுத்தி, கீழே கார்ப்பெட் விரித்துவிட்டால் போதுமாம். "ஆபீசர் என்ன, மோந்தா பாக்கப் போறாரு?"

"மோந்து பாத்துட்டா? நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க அண்ணே?" என்றாள் மாலா.

அவர் தேநீரை முடித்துவிட்டுப் போய்விட்டார். மனதுக்குள் நான் அவர் கட்சி. எழுதவே வெட்கம்.

ஜூன் 21, செவ்வாய்

அரை நாள் லீவு. அதிகாரி வந்தார். மலாய் இளைஞர், மெல்லிய குரல். வேனுக்குள் தலையை விட்டார். உண்மையிலேயே மோந்தார். ஏதோ எழுதினார். இருக்கைகள் எங்கே என்றார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

மாலா அவரை ஹாலுக்கு அழைத்து வந்தாள். டிவிக்கு முன்னால் நான்கு வரிசை, வேனில் இருந்த அதே ஒழுங்கில். உட்காரலாமா என்று கேட்டுவிட்டு அதிகாரி ஐந்தாம் நம்பர் இருக்கையில் உட்கார்ந்தார். கையை விட்டு அடியில் தடவினார். பிளாஸ்டிக் பை ஒன்று கிடைத்தது. உள்ளே நான்கு திருகாணி, மேலே மார்க்கரில் 5. ஒவ்வொன்றின் அடியிலும் அப்படி ஒரு பை. பெல்ட்டுகள் பழைய துணியில் சுற்றியபடி. இரண்டு வருஷம் அதன் மேல் உட்கார்ந்து டிவி பார்த்தவள் நான், எனக்கே தெரியாது.

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்டார். மாலா மலாயில் சொன்னாள்: திரும்ப மாட்டத்தானே கழட்டினேன்.

பையைப் பழையபடி அடியில் வைத்தார். பிறகு, 'இல்லை' போட்டவர்களின் சில வேன்களைப் போய்ப் பார்த்ததாகச் சொன்னார். வெயிலிலும் மழையிலும் கிடந்து இருக்கையெல்லாம் பூஞ்சை பிடித்திருந்ததாம்.

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அவருடைய தேநீரில் சீனி போட மறந்திருக்கிறேன். சொல்லாமல் குடித்தார், பாவம்.

ஜூலை 12, செவ்வாய்

கடிதம். மானியம் கிடைத்துவிட்டது. ஏதாவது கண்ணி இருக்கும் என்று மூன்று முறை படித்தேன். இல்லை. செல்வம் அண்ணன், "நான் சொன்னேன்ல" என்றாராம். என்ன சொன்னார்?

ஆகஸ்ட் 20, சனி

மேகமூட்டம், நல்ல காற்று. முதல் பயணம். ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம், பதினொரு பேர். பன்னிரண்டாவது இருக்கை எனக்கு. பத்துமலை, பிறகு பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. தரை புதிது. ஆனாலும் கூரைத் துணியில் மணம் போகவில்லை. ஓர் ஆன்டி இது என்ன வாடை என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாலா மைக்கை எடுத்தாள். "வெங்காயம் ஆன்டி. ரெண்டு வருஷமா இந்த வேன்ல அதுதான் டூரிஸ்ட்."

வேன் முழுக்கச் சிரிப்பு. யாரோ கை தட்டினார்கள். நானும்.

தைரியமான டிரைவர்லா என்றார் அந்த ஆன்டி. "என் தங்கச்சி" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக.

வீட்டு ஹாலில் உட்கார ஒன்றும் இல்லை. தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.