இறங்காமல் சுற்றி வந்தவர்களின் பட்டியல்

மார்ச் 4

இன்றும் பட்டியல் ஒட்டினேன். தரையிறங்க வந்து, சரிப்படாமல் மறுபடி மேலேறிச் சுற்றி வந்த விமானிகளின் பெயர்கள். பக்கத்தில் வீணான எரிபொருள். சிவப்பு மையில்தான் எழுத வேண்டுமாம், மேலாளர் உத்தரவு. எங்கள் மூத்த விமானி, எல்லோருக்கும் பெரிய கேப்டன், அவருக்கு இந்த வருடம் மூன்றாவது முறை. "என்னம்மா, நான் பெயிலா?" என்று சிரித்தார். நாலானால் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று மேலாளர் மிரட்டி, விளக்கக் கடிதம் வாங்கினார். இந்த மனுஷன் ஒரு நாளும் விமானம் ஓட்டியதில்லை. நாற்காலியை மட்டும் நன்றாகச் சுழற்றுவார்.

மார்ச் 9

மழையில் பெரிய கேப்டனின் விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சேற்றில் போய் நின்றது. பதினொரு பேருக்குக் காயம். அவருக்குக் கால் முறிவு. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

வேகம் அதிகம், சுற்றி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். வந்திருந்தால் அது நாலாவது. அதையும் சேர்த்துச் சொல்லுங்களேன்யா!

மார்ச் 10

பட்டியல் பலகையையே காணோம். ஆணி ஓட்டையை மறைத்து ஒரு பூப்படக் காலண்டர். விசாரணை தொடங்கவே இல்லை, அதற்குள் "முழுக்க விமானியின் தவறு" என்று நிறுவனத்தின் அறிக்கை. தூ!

மார்ச் 12

ஆஸ்பத்திரிக்குப் போனேன். லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்களாம். "தப்பு என்னோடதுதாம்மா. ஆனா அந்த நேரத்துல கண்ணு முன்னாடி உன் பட்டியல்தான் வந்து நின்னுச்சு."

உன் பட்டியல் என்றார். மேலாளரை இவ்வளவு திட்டுகிறேனே, நான் என்ன யோக்கியமா? குண்டு குண்டாக எழுதியவள் நான்தானே.

மார்ச் 15

விசாரணை அதிகாரிகள் வருகிறார்கள். மேலாளர் பல்லை இளித்தார்: "பழைய குப்பையெல்லாம் கிழிச்சிடுங்கம்மா." வீட்டுக்காரர்: "உனக்கெதுக்கு வம்பு? வேலை போயிடும், வாயை மூடிட்டு இரு."

இரண்டு ஆம்பளைகள், ஒரே புத்தி.

மார்ச் 18

கொடுத்துவிட்டேன். பதினான்கு மாதப் பட்டியல், விளக்கக் கடிதங்கள், எல்லாம். "இது யார் கையெழுத்து?" என்று கேட்டார் அதிகாரி. "என்னோடதுதான் சார்." மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

ஏப்ரல் 2

தொலைந்த பெட்டிகளைத் தேடித்தரும் கவுண்டருக்கு என்னை மாற்றிவிட்டார்கள். "உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்னுதான்." அடடா, என்ன கரிசனம்!

செப்டம்பர் 20

விசாரணை முடிவு வந்துவிட்டது. விமானியின் தவறுக்கு ஒரு பக்கம், நிறுவனத்தின் தவறுக்கு இருபத்திரண்டு. ஆனாலும் பெரிய கேப்டன் இனி பறக்கப்போவதில்லை, கால் சரியாகவில்லை. மேலாளர் வேறெங்கோ ஆலோசகராம், வெட்கங்கெட்ட ஜென்மம்.

மதியம் கொட்டுகிற மழை. ஒரு விமானி நேராக என் கவுண்டருக்கு வந்தார். பெட்டி எதுவும் தொலையவில்லையாம்.

"அக்கா, இன்னிக்கு ரெண்டு தடவை சுத்திட்டுத்தான் இறங்கினேன். ஏன்னு ஒருத்தரும் கேக்கல."