எவெலியோவின் செருப்பு அளவு

ஹவானா, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு எனெய்தா வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நம் கொலம்பிய அரசும் கெரில்லாக்களும் இங்கே சமாதானம் பேசும் இடத்தில் நான் காணாமல்போனவர்களின் பட்டியலைத் தட்டச்சு செய்கிறேன். நேற்று அதில் தம்பி எவெலியோ பெயரைத் தேடினேன், இல்லை. இறந்தவர் பட்டியலில் இருந்தது. சரிபார்க்கும் ஆம்பாரோ அம்மாவிடம் கேட்டேன்.

“உங்க வீட்லதான் அவனுக்கு ஒன்பது நாள் செபத்தை முடிச்சிட்டீங்களே? சர்ச் ரெஜிஸ்டர்லயே இருக்கு. செத்தவனை யாரு தேடுவா?”

“உடம்பே வராம முடிச்சதுங்க. ஊர் வாய்க்குப் பயந்து அம்மா செஞ்சாங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப உடம்பைப் பார்க்கலைன்னு அவங்களையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு. மாத்திடலாம்.”

அவ்வளவுதான், கவலைப்படாதீர்கள். அந்த ஒன்பதாம் இரவு செபம் முடிந்து, அவன் ஆன்மாவை வழியனுப்ப மெழுகுவர்த்தியை அணைத்தது உங்கள் தப்பில்லை. ஆனால் அடுத்த மாதம் பட்டியலை மூடிவிடுவார்கள், சீக்கிரம் எழுதுங்கள். கூடவே கொஞ்சம் பொரோஹோப் பழ ஜாமும் அனுப்புங்கள். இங்கே எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை.

தேடுபவர்கள் அடையாளத்துக்காக அவன் செருப்பு அளவையும் கேட்டார்கள். அதற்கு உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. என் அளவையே எழுதிக்கொடுத்தேன். அவனைப் பிடித்துக்கொண்டு போனபோது அவன் காலில் இருந்தது என் செருப்புதான்.

பஸ் வந்துவிட்டது.

எனெய்தா