துருத்திக்குப் பின்னால் நின்றவருக்கு

பாய், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஆர்கனுக்கு எப்போது காற்று வேண்டும் என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? உங்களுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. பாட்டின் சொற்களைக் கவனித்ததாகவும் தோன்றவில்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற எனக்கு இதற்கு விடை தெரியவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை, ஆர்கனுக்குக் காற்று ஊதும் தோல் துருத்தியில் விழுந்த ஒரு கீறலை ஒட்டப் புளியங்கொட்டைப் பசை காய்ச்சினேன். அந்த வாடையில் அரூரிலிருந்த உங்கள் கடை நினைவுக்கு வந்தது. பஸ்களுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்த உங்களை, தோல் வேலை தெரிந்தவர் என்று யாரோ சொல்லித்தான் எங்கள் பழைய மிஷன் கோயிலுக்கு அழைத்து வந்தேன். அங்கே இருந்த ஆர்கன் ஆளுயரத்தில் ஒரு மரப்பெட்டி, ஒரே வரிசைக் கட்டைகள், உள்ளே தகரக் குழாய்கள். மொரப்பூர் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது என்பார்கள்; ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை.

நீங்கள் தோலைத் தடவிப் பார்த்தீர்கள். "ஆட்டுத்தோலுங்க டீச்சரம்மா. இதுக்குப் போயி யாரு ரெக்சினு ஒட்டுனது?"

ஒட்டியவள் நான்தான். இப்போதுதான் சொல்கிறேன்.

தோல் சரியான பிறகும் ஆர்கன் முனகியது. நான் வாசிப்பவை முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மானியக் கோரல்கள், சபையார் பாடும், நான்கு குரல் இழைகள் கொண்ட ஞானப்பாட்டுகள். எங்கள் சபையார் ஒவ்வொரு வரியின் கடைசிச் சுரத்தையும் மூச்சு தீரும் வரை இழுப்பார்கள். துருத்தி அடித்த கோயில்காரரோ பாட்டு முடிந்துவிட்டது என்று கைப்பிடியை விட்டுவிடுவார். காற்று இறங்கிவிடும். பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், "பாட்டு நிக்கலீங்க. மூச்சு வாங்கறாங்க, அவ்ளோதான்" என்று கைப்பிடியை வாங்கினீர்கள். பதினொரு வருடம் அதை விடவில்லை.

"சாமி இல்லங்கற டீச்சரு, பள்ளிவாசல் போற பாயி. நம்ம ரெண்டு பேரையும் நம்பித்தான் இவங்க ஆராதனை ஓடுது" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தீர்கள். நான்கு குரல்களும் தனித்தனியே நடந்து வரி முடிவில் ஒன்றுசேரும் இடத்துக்காகத்தான் நான் அங்கே போகிறேன். அதற்கு மட்டும் நான் அத்தாட்சி கேட்டதில்லை.

மாசியில் நீங்கள் இறந்துபோனீர்கள். அதன்பின் வந்த மூன்று ஞாயிறும் பழையபடி கோயில்காரர் துருத்தி அடிக்க, ஆர்கன் முனகியது. கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் செல்வராஜ் எழுந்தார். "சாவு வூட்டு ஒப்பாரியாட்டம் இருக்குதுங்க. கீபோர்டு வாங்கிக்கலாம். குழாயெல்லாம் எறக்கிடலாம்."

"அறுப்புப் பண்டிகை வரைக்கும் பொறுங்க" என்றேன். "அன்னைக்கும் முனகினா நானே எறக்கறேன். ஆனா துருத்தி நீங்கதான் அடிக்கணும்."

"நானா?"

"முனகுதுன்னு சொன்னவரு நீங்கதானே."

சுற்றி இருந்தவர்கள் சிரித்ததால் அவரால் மறுக்க முடியவில்லை.

பண்டிகையன்று கோயில் நிறையப் பூசணியும் சோளக்கதிரும். ஐந்து சரணம் கொண்ட கோரல். முதல் சரணத்திலேயே செல்வராஜ் திணறினார். பெட்டிக்குப் பின்னால் நிற்பவருக்கு என் கைகள் தெரியாது. சபையின் குரலோ எதிரொலியோடு பிந்தித்தான் போய்ச் சேரும். மூன்றாம் வரியில் சுருதி சரிந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். குழாய்களை நானே கழற்றி அடுக்குவது ஒரு கணம் என் கண்ணில் தெரிந்தது.

அப்போது நான் பாடினேன், பாய்.

இருபது வருடமாக அந்தக் கோயிலில் வாய் திறக்காமல் வாசித்தவள் நான். நம்பாத சொற்களை உரக்கச் சொல்ல எனக்குக் கூச்சம். அன்று அவருக்குக் கேட்க வேண்டும் என்று பெட்டியைப் பார்த்து, வரிக்கு வரி சத்தமாக மூச்சை இழுத்துப் பாடினேன். இரண்டாம் சரணத்தில் செல்வராஜ் பிடித்துக்கொண்டார். நான் மூச்சு எடுக்க, அவர் அழுத்த, ஆர்கன் முனகாமல் நிலைத்து ஒலித்தது. மூன்றாம் சரணத்தில் சபை என் பின்னால் வந்தது. நான்காவதில் உட்கார்ந்திருந்த வயதானவர்களும் எழுந்துவிட்டார்கள். ஐந்தாவதற்கு இருந்த குழாய் அத்தனையையும் திறந்துவிட்டேன். கடைசிச் சுரத்தை அவர்கள் இழுத்தார்கள், நானும் விடவில்லை, துருத்தியும் விடவில்லை. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பெட்டிக்குப் பின்னாலிருந்து, "இன்னும் இருக்குதுங்க டீச்சர், இழுங்க" என்று செல்வராஜ் கத்தியது எல்லாருக்கும் கேட்டது.

ஒருவேளை நீங்களும் என் மூச்சைத்தான் கேட்டீர்களோ? ஆனால் நான் அப்போது பாடியதில்லை. ஊகத்தை விடை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் நடந்தது இது. முதல் வகுப்பில் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. பாடம் முழுவதையும் கரும்பலகையில் எழுதினேன். பதினொரு மணிக்கு செல்வராஜ் போனில் வந்தார். "கீபோர்டு தீர்மானத்த ரத்து பண்ணியாச்சுங்க டீச்சர். வர்ற வாரமும் நானே அடிக்கறேன். கொஞ்சம் சின்னப் பாட்டா எடுங்க, தோள்பட்டையத் தூக்க முடியல." போனை வைத்துவிட்டு, பாட்டுப் புத்தகத்திலிருந்து ஆறு சரணப் பாட்டு ஒன்றின் எண்ணை அவருக்கு அனுப்பினேன்.