ஃபிட்னஸ் பாஸான காரும் கிளினிக் பாஸான நீங்களும்

என் அருமை வீட்டுக்காரருக்கு,

அருமை என்று எழுதிவிட்டேன். கை பழகிவிட்டது, என்ன செய்ய. அடித்துவிடலாமா என்று பார்த்தேன், பிறகு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் கொஞ்சிக் குலாவ இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீங்கள் போனதிலிருந்து மனதுக்குள்ளேயே உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று நாலு பேர் படிக்கத் திட்டப்போகிறேன். படிக்கிறவர்களில் யாரிடமாவது பழைய கார் இருந்தால் அவர்களும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும்.

தெமோதரைச் சந்தியில் உங்களை இன்னும் தெய்வமாகத்தான் வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் யாருக்குப் பிரசவம் என்றாலும், யார் மலையில் விழுந்து காலை உடைத்துக்கொண்டாலும், தோட்ட லொறி வரும்வரை காத்திருக்காமல் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு ஓடியவர் நீங்கள். அதை நான் மறுக்கவில்லை. சாப்பாட்டில் கை வைத்தவர் அப்படியே எழுந்து ஓடியதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் எந்தக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடினீர்கள்? அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன கார் அது. கை மாறிக் கை மாறி உங்களிடம் வந்தது. முதுகு உப்பிய அந்த உருவத்தைப் பார்த்து தோட்ட லயத்துப் பிள்ளைகள் ஆமைக்கார் என்பார்கள். உங்களுக்கு அது பெருமை. "இந்த மாதிரி இரும்பு இப்ப யாரு போடுறா?" என்று அதன் மூக்கில் தட்டுவீர்கள். அந்த இரும்பில் பாதி, ஓட்டையில் பூசி மறைத்த பட்டியும் பெயின்டும்தான் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிற வண்டி என்றால் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதகரிடம் ஃபிட்னஸுக்குக் காட்டியாக வேண்டும். தொண்ணூறுகள் முழுக்க அந்த நாள் நம் வீட்டில் ஒரு திருவிழாதான். சந்தி ஸ்டாண்டில் ஓடிய பழைய கார்கள் அத்தனைக்கும் சேர்த்து நல்ல டயர் ஒரே ஒரு செட் இருந்தது. யாருடைய முறை வருகிறதோ அவர் வீட்டுக்கு அந்த நாலு டயரும் வரும். மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, திரும்பி வந்ததும் கழற்றி அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கோயில் குடத்தைக்கூட நீங்கள் எல்லாரும் அவ்வளவு ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்ததில்லை.

டயரோடு விட்டீர்களா? சீட்டுக்குக் கீழே தகடு துருப்பிடித்து ரோடு தெரியும். அதில் சாக்கை மடித்துப் போட்டு, மேலே புது ரப்பர் விரிப்பு. கதவின் அடிப்பக்கத்துத் துருவுக்குப் பட்டி. ஹேண்ட்பிரேக் கேபிளைப் போகும்போது முறுக்கேற இறுக்குவீர்கள். பரிசோதகர் மேட்டில் நிறுத்தித் தள்ளிப் பார்ப்பார், வண்டி அசையாது. அப்படியே ஓட்டினால் பின்சக்கரம் உரசிச் சூடாகும், பெற்றோல் குடிக்கும். அதனால் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும் முன்பே காருக்கு அடியில் படுத்து அதைத் தளர்த்திவிடுவீர்கள். மறுநாளிலிருந்து பழையபடி சக்கரத்துக்குக் கல்லுதான்.

"பாஸ் டீச்சர், பாஸ்!" என்று பள்ளிக்கூட வாசலிலேயே கத்துவீர்கள். வகுப்பில் பார்த்தெழுதிப் பாஸாகிற பயலுக்கு நான் என்ன செய்வேன் என்று தெரிந்தும், சிரித்துக்கொண்டே நிற்பீர்கள். "பரிசோதகரை ஏமாத்தலாம், மலைரோட்டு வளைவை ஏமாத்த முடியுமா?" என்று எத்தனை தடவை கேட்டேன்? "நீ பள்ளிக்கூடத்தப் பாரு" என்பீர்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

உடம்புக்கும் அதே வித்தைதான். சீனி வருத்தம் என்று டாக்டர் சொன்னபிறகு, கிளினிக்குக்கு ரெண்டு நாள் முன்பாகச் சோற்றை நிறுத்துவீர்கள். பாகற்காயைப் பச்சையாக மெல்லுவீர்கள். இரத்தம் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். டாக்டரம்மா உங்களை மற்ற நோயாளிகளுக்குக் காட்டி, இவரைப் போல இருங்கள் என்று சொன்னாராமே. அன்று திரும்பும் வழியிலேயே பதுளை பேக்கரியில் சீனி தூவிய கிம்புலா பனிஸ் வாங்கி, எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு நீங்கள் இரண்டு தின்றீர்கள். யாரை ஏமாற்றினீர்கள்? அந்த டாக்டர்ப் பிள்ளை தன் வேலையைச் செய்தது. உங்கள் உடம்புக்குள் இருந்ததை நீங்களே மறைத்தால் அது என்ன செய்யும்?

நீங்கள் போன அன்று, தோட்டத்துக் கீழ்ப்பிரிவு மாரியாயி முன்சீட்டில் இருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், முதுகு வலிக்கு ஆஸ்பத்திரியில் காட்டக் கூட்டிப் போனீர்கள். ஹாலி எலைக்குக் கொஞ்சம் முன்னால், இறக்கத்தில், பேசிக்கொண்டிருந்தவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டீர்கள். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், உலுக்கிப் பார்த்திருக்கிறாள். பிறகு நடுவிலிருந்த ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்திருக்கிறாள். நெஞ்சு வரைக்கும் வந்ததாம். கார் நிற்கவில்லை. உருண்டு போய் மண்மேட்டில் இடித்துத்தான் நின்றது. மேடு இருந்த பக்கம் சாய்ந்ததால் அவள் உயிர் மிஞ்சியது. மறுபக்கம் பள்ளம். அதற்கு முந்தின மாதம்தான் அந்த ஹேண்ட்பிரேக் பாஸாகியிருந்தது.

நீங்கள் மாரடைப்பில் போனீர்கள். அதற்கு அழுதேன், இப்போதும் அழுகிறேன். ஆனால் அந்த இடியில் ஒடிந்த மாரியாயியின் வலது மணிக்கட்டு கோணலாகத்தான் ஒட்டியது. அந்தக் கையால் இனிக் கொழுந்து எடுக்க முடியாது என்று பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டப் போட்டிருக்கிறார்கள். என்னைக் கண்டால், "ஐயா புண்ணியத்துலதான் டீச்சர் பொழச்சேன்" என்று அந்தக் கையையும் சேர்த்தே கும்பிடுவாள். நான் எங்கே பார்ப்பது சொல்லுங்கள்?

இனிதான் உங்களுக்குத் தெரியாத கதை. நம் ரவி கொழும்புக் கடைவேலை சரிவராமல் திரும்பி வந்துவிட்டான். அப்பா காரை நானே ஓட்டுகிறேன் என்று நின்றான். கொட்டகையில் கிடந்ததை வெளியே தள்ளி, கழுவி, பட்டரி மாற்றிக் கிளப்பியும்விட்டான். அந்த வாரமே உங்கள் சிநேகிதர் யோகண்ணன் ஸ்டாண்டு ஆட்களோடு வீட்டுக்கு வந்தார். வெற்றிலைத் தட்டு கொண்டு வருகிற மாதிரி நாலு டயரையும் உருட்டிக்கொண்டு வந்தார். "அண்ணன் மகனுக்கு நாங்க செய்யாம யாரு டீச்சர் செய்றது? மொத முறை இவனுக்குத்தான்" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். பாசமாகக் கொண்டுவந்து என் பிள்ளையைப் பள்ளத்தில் தள்ளப் பார்க்கிறார்களே.

"எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றேன்.

"அம்மா, எல்லாரும் இப்படித்தான் காட்டுறாங்க" என்றான் ரவி.

"உங்கப்பாவும் அப்படித்தான்டா காட்டினாரு. மாரியாயி கையப் போயி பாத்துட்டு வா."

அவன் முகம் சிவந்துவிட்டது. செத்த மனுசனைப் பற்றி இப்படிப் பேச உனக்கு எப்படி வாய் வருகிறது என்று கேட்டான். வந்தது, பேசினேன். இருக்கிற டயரோடு, இருக்கிற ஹேண்ட்பிரேக்கோடு, சாக்கையும் விரிப்பையும் எடுத்துவிட்டுக் கொண்டுபோய்க் காட்டு, இல்லையென்றால் என்னைத் தாண்டி எடுத்துப் போ என்று காருக்கு முன்னால் நின்றுவிட்டேன். கடைசியில் நானும் ஏறிக்கொண்டு பதுளைக்குப் போனோம்.

பரிசோதகர் புதியவர், யாழ்ப்பாணத்துக்காரர். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். சாவியால் தகட்டைக் குத்தினார், சாவி உள்ளே போய்விட்டது. ஸ்டியரிங்கை ஆட்டினார், கால்வட்டம் திருப்பும்வரை சக்கரம் அசையவில்லை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து உலுக்கினால் கடகடவென்றது. கிரீஸ் கண்டு எத்தனை காலமோ. பிரேக் மிதிக்குக் கீழே எண்ணெய் கசிந்து கறுத்துக் கிடந்தது. ஒரு ஹெட்லைட் வானத்தைப் பார்த்தது. மற்றதை எரிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பிறகு மேட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

"ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடியும் தம்பி."

ரவி இழுத்தான். அவர் தள்ளவே இல்லை, அதுவாகவே பின்னால் உருண்டது. நல்லவேளை, ரவி பிரேக்கை மிதித்தான்.

"இதில ஆக்களை ஏத்திக்கொண்டே ஓடினவர்?" என்று என்னிடம் கேட்டார். "போனமுறை எப்பிடி அம்மா இது பாஸானது?"

சொல்லிவிட்டேன். டயரிலிருந்து கேபிள் வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் இதுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன். தள்ளிக்கொண்டெண்டாலும் போங்கோ, ஆக்களை மட்டும் ஏத்தாதேங்கோ" என்றார். ரவி கூனிக் குறுகி நின்றான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஸ்டாண்டே எனக்கு எதிரியாகிவிட்டது. அந்தப் பரிசோதகர் ஸ்டாண்டின் எல்லாக் கார்களையும் திரும்பக் கொண்டுவந்து காட்டச் சொல்லிவிட்டாராம். "செத்தவரு மானத்த இப்படியா சந்தி சிரிக்க வைக்கிறது?" என்று யோகண்ணன் வாசலில் நின்று கத்தினார். நான் கடந்து போனால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். திருப்பட்டும். உங்கள் மானத்தைக் காப்பாற்ற இன்னொரு கையை உடைக்க நான் தயாரில்லை. எனக்கும் இப்போது சீனிதான். கிளினிக்குக்கு முந்தின நாளும் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன். டாக்டரம்மா ஏசுகிறார். ஏச்சை வாங்கிக்கொண்டு, அவர் கூட்டிக் கொடுக்கிற மாத்திரையோடு வருகிறேன்.

ரவி என்னோடு பேசாமல் இருந்தபடியே காரைப் பிரித்தான். உங்கள் பட்டியைச் சுரண்ட மட்டும் பல நாள் பிடித்தது. தரைத் தகட்டை வெட்டியெடுத்துப் புதிது வெல்டிங் செய்தார்கள். முன்சக்கரத்து மூட்டுகள் மாற்றியாயிற்று. எண்ணெய்க் கசிவை அடைத்து, லைட்டையும் ஸ்டியரிங்கையும் சரிசெய்து, சொந்தக் காசில் நாலு டயரும் போட்டாயிற்று. கேபிள் புதிது, பின்சக்கரத்துப் பிரேக்கும் புதிது. இறுக்கவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம் என்று கராஜ் மெக்கானிக் சொன்னார். எவ்வளவு சின்ன வேலை அந்த ஹேண்ட்பிரேக், தெரியுமா உங்களுக்கு? ஒரு பகல் வேலை.

போன வாரம் மறுபடி காட்டினோம். கொஞ்சம் புகை வருகிறது, கவனியுங்கோ என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார் அந்த மனுசர். ரவி பாஸ் என்று கத்தவில்லை. திரும்பும்போது வீட்டுக்கு விடாமல் கீழ்ப்பிரிவுக்கு விட்டான். லயத்து வாசலில் நின்ற மாரியாயியைக் கூப்பிட்டு முன்சீட்டில் உட்கார வைத்தான். ஏறமாட்டேன் என்றவள், நான் பின்சீட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் ஏறினாள். இறக்கத்தில் மெதுவாக உருளவிட்டு, "இப்ப நீங்க இழுங்க அக்கா" என்றான்.

கோணல் கையால் இழுத்தாள். பாதிகூட வரவில்லை, கார் நின்றுவிட்டது.

அவள் கையை எடுக்கவில்லை. முன்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ஏன் டீச்சர் இது புடிக்கல?" என்றாள். மூன்று வருடத்தில் இப்போதுதான் கேட்கிறாள். நீங்கள் கேபிளைத் தளர்த்திய கதையைச் சொன்னேன்.

"ஐயாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "ஏறுற சனத்துக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள். "சொல்லியிருந்தா, நான் பஸ்ஸுல போயிருப்பேனே."

நான் உங்களிடம் கேட்ட ஆயிரம் கேள்விக்குப் பள்ளிக்கூடத்தைப் பார் என்றீர்கள். இதற்கு என்ன சொல்வீர்கள்? அவள் இறங்கிப் போகும்போது கும்பிடவில்லை. ரவி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். அதற்குப் பிறகுதான் என்னை அம்மா என்று கூப்பிட்டான்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். இந்தக் காரில் என்ன பழுது இருந்தாலும், ஏறுகிறவரிடம் சொல்லிவிட்டுத்தான் உங்கள் மகன் கிளப்புவான். அவன் வாய் மூடினால் சந்தியில் நின்று நான் சொல்வேன். உங்களை மன்னிக்கிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன். அது மாரியாயி கொடுக்க வேண்டியது, நான் அவளிடம் கேட்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
செத்தும் உங்களை விடாத உங்கள் மனைவி, ரவியின் அம்மா
சரோஜா