இரண்டாவது ரிப்போர்ட்

கள்ளிக்குப்பம்,
3.1.2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு யுவராணி எழுதுவது. நலம். ஆவடியிலிருந்து மாற்றலாகிப் போன நீங்களும் ஜபல்பூர் குளிரில் நலமாகவே இருப்பீர்கள். என் நம்பரை பிளாக் செய்து, ஐந்து மாத வயிற்றோடு என்னைத் தபால் நிலையத்துக்கு நடக்க வைத்துவிட்டீர்கள். சந்தோஷம்.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் பால்வினை நோய் என்று வந்ததும், ஒன்றும் புரியாமல் அந்த ரிப்போர்ட்டை உங்களுக்குத்தான் முதலில் அனுப்பினேன். யாரிடமிருந்து வாங்கினாய் என்று கேட்டீர்கள். அதோடு போனை வைத்தவர்தான், மூன்று மாதமாகிறது.

நாலாம் நாளே உறுதி செய்யும் சோதனை எடுத்தார்கள். அந்த நோய் இல்லை என்று வந்துவிட்டது. தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியில், அளவு பார்க்கும் ஒரு கேஜில் தவறாகக் காட்டிய போல்ட்டைக்கூட இன்னொரு கேஜில் பார்க்காமல் கழிவுத் தொட்டியில் போடமாட்டோம். பெண்டாட்டி என்ன, போல்ட்டைவிடக் கேவலமா?

உங்கள் அம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார். என் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கவே ரத்த டாக்டரிடம் கூட வந்தார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: என் உடம்பு தனக்கே எதிராக ஏதோ உண்டாக்குகிறதாம். அதனால் ரத்தம் வேண்டாத இடத்தில் உறைகிறது. நஞ்சுக்கொடியில் அப்படி உறைந்துதான் இதற்கு முன் நம் இரண்டு குழந்தைகளும் வயிற்றிலேயே போயிருக்க வேண்டும். முதல் சோதனையை ஏமாற்றியதும் அதுவேதானாம். வெளியே வந்த அத்தை, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எம் மருமவ மேல ஒரு தப்பும் இல்ல, அவ ரத்தத்துக்குத்தான் கிறுக்கு புட்ச்சிகீது" என்று அறிவித்தார். எனக்கு மானமே போயிற்று. ஆனால் அன்றைக்கே தனித் தட்டு பரணுக்குப் போனது. அத்தை இதைப் போனில் உங்களிடம் சொன்னபோது, மருந்து வைத்து அம்மாவை மயக்கிவிட்டாள் என்றீர்களாம். நல்ல பிள்ளை!

தினமும் ஒரு சின்ன ஆஸ்பிரின், வயிற்றில் ஓர் ஊசி. பிரசவம் வரைக்கும். நானே போட்டுக்கொள்கிறேன். வயிறெல்லாம் நீலத் திட்டு. பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்திலும் இதே நோய்தான் என்று போன வாரம் உறுதியானது. பக்கத்து வீட்டு பத்மா அக்கா, பீட்ரூட் தின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். யாருக்கென்று விளக்குவது?

நேற்று காலை குழந்தை அசைந்தது. அத்தையிடம்கூட இன்னும் சொல்லவில்லை. எதையும் உங்களுக்கு முதலில் சொல்லிப் பட்டது போதும் என்றுதான் இருந்தேன். மனசு கேட்கவில்லை.

இருபதாம் தேதி ஸ்கேன். போன முறை இதே ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் துடிப்பு இல்லை என்றார்கள். அப்போது என் கையைப் பிடித்திருந்தது நீங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

கோபம் அப்படியே இருக்கிறது. அதைக் குழந்தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். இரண்டு ரிப்போர்ட்டும் இதோடு வைத்திருக்கிறேன். ரயிலில் வரும்போது படித்துக்கொள்ளுங்கள்.

வழியில் உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும்,
யுவராணி