சந்தனம் அப்பிய லேப்டாப்

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலிலிருந்து சந்தன வாசனை போகவில்லை. உன் லேப்டாப்பைக் கழற்றித் துடைத்ததில் வந்தது. செத்தவனைத் திட்டக் கூடாதாம். யார் சொன்னது? காலையிலிருந்து உன்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் உன் மனைவி பாரிவாக்கத்திலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூருக்கு வந்தார். "அண்ணே, திங்கக்கெழம காலேஜுக்கு லேப்டாப்போட வரச் சொல்லிக்கிறாங்க. புச்சு வாங்கித் தரேன்னா எம் பொண்ணு கேக்க மாட்டேன்றா. அப்பாவோடதுதான் வோணுமாம். எப்டியாச்சும் ஓட வெச்சுக் குடுங்க."

பழைய விண்டோஸ் திறக்கவே அரை மணி நேரம். உன் படங்களையெல்லாம் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக, கிழட்டு லேப்டாப்பிலும் ஓடும் சின்ன லினக்ஸ் ஒன்றைப் போட உட்கார்ந்தேன். பாதி ஏறும்போது பொசுக்கென்று அணைந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. லினக்ஸில்தான் கோளாறு என்று வேறு இரண்டு வகையை இறக்கிப் பார்த்தேன். ஒரு வாரம் இப்படியே வீணாய்ப் போய், இன்று ஞாயிறும் வந்துவிட்டது.

வெறுத்துப்போய் ஸ்குரூவைக் கழற்றினால், அடப்பாவி! ஃபேன் சுற்ற முடியாதபடி காய்ந்த சந்தனமும் குங்குமமும். சூடு ஏறித்தான் அணைந்திருக்கிறது.

நம் பட்டறையில் ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் பொட்டு வைப்போம். நீ டிராயிங் போடும் லேப்டாப்பையும் வரிசையில் வைத்து, காற்றுப் போகிற ஓட்டையிலேயே கரைத்த சந்தனத்தை அப்புவாய். "மூடி மேல வைடா" என்றால், "இன்னா மாமே, சோறு போடுறதுக்கு ஒரு பொட்டு வெச்சா கொறஞ்சா பூடும்?" என்பாய். நெஞ்சு எரிகிறது என்ற அன்றும் அப்படித்தான். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "சும்மா கேஸ் டிரபுளு மாமே" என்று சோடா குடித்தாய். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் நான். அந்தக் கோபத்தை எங்கே கொட்டுவது?

பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். மேசையெல்லாம் சிவப்பாக உதிர்ந்தது. திரும்ப மூடிப் போட்டபோது லினக்ஸ் அணையாமல் ஏறியது.

முடிவில், யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று பெயர் கேட்டது. யோசிக்காமல் உன் பெயரை அடித்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது, மச்சான். கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து, முதல் எழுத்தில் கையை எடுத்துவிட்டேன். அது உன் மகளுடைய இனிஷியல். அதை அப்படியே விட்டு, பக்கத்தில் அவள் பெயரை அடித்தேன்.