படிக்கட்டு ஜன்னல்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
9.3.1983

அன்புத் தம்பி பிலோமின்ராஜுக்கு அக்கா இசபெல்லா ஆசியுடன் எழுதுவது. ஏனாமில் வெயில் ஆரம்பித்திருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை.

அம்மா விழுந்துவிட்டார்கள். போன செவ்வாய் மத்தியானம் கோவிலிலிருந்து திரும்பிப் படியேறும்போது, பின்னால் வந்த எவனோ சங்கிலியை அறுத்துக்கொண்டு தள்ளிவிட்டிருக்கிறான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நம் மாடிக் குடியிருப்பின் மற்ற வீடுகளில் எல்லாரும் அடுப்படியில்தான் இருந்தார்கள். அம்மா கத்தியது எதிர் வீட்டு ரோஷன் பேகத்துக்குக் கேட்டிருக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தாராம். சொல்லிச் சொல்லி அழுகிறார், பாவம்.

படியேறுகிறவன் முகம் அடுப்படியிலிருந்தே தெரிந்தால் திருடன் பயப்படுவான் என்று, இந்தக் குடியிருப்பைக் கட்டியபோது நீ வீட்டுக்கு ஒரு ஜன்னல் படிக்கட்டைப் பார்த்து வைத்தாய். பெரிய எஞ்சினியர்! எந்தப் பெண்பிள்ளை தன் குழம்புச் சட்டியைப் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காட்டுவாள்? ரோஷன் பேகம் திரை போட்டார். மேல்வீட்டுப் பாலகுரு காலண்டர் அட்டையை ஆணியடித்தார். அடுப்புல என்னா வேவுதுன்னு ஊரே எட்டிப் பாக்கணுமா, கண்ணு பட்டுடும்டி என்று நம் அம்மாவும் பழைய சேலையைக் கட்டினார்கள்.

கிறிஸ்துமசுக்கு வந்த நீ அந்தச் சேலையைப் பார்த்தாய். பெத்தவளே என்னை நம்பலை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பினாய். உனக்காக ஆக்கிய கறியை அம்மா அன்றைக்கு வாயில் வைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வரிகூட நீ எழுதவில்லை. எனக்கு உன்மேல் கோபம்தான்.

இப்போது குடியிருப்போர் சங்கத்துத் தெட்சிணாமூர்த்தி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். அந்த ஜன்னல் வழியாகத்தான் திருடன் நோட்டம் பார்த்தானாம். எல்லாவற்றையும் செங்கல் வைத்து அடைக்க வேண்டுமாம். அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்கள். எம்மவன் வச்சதுங்க, நாந்தான் மூடிக் கெடுத்தேன் என்று படுத்தபடியே அவரிடம் சொன்னார்கள். இதை உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.

சேலையை அவிழ்த்தாயிற்று. கட்டிலை அடுப்படியிலேயே போடச் சொன்னார்கள். புகையிலும் தாளிப்பு நெடியிலும் இருமிக்கொண்டு அங்கேதான் கிடக்கிறார்கள். படியில் காலடி கேட்டால் தலையைத் தூக்குகிறார்கள். தபால்காரர் வந்தாலும் நீதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

லீவு கிடைத்தால் வருகிறேன் என்று பதில் போடாதே. புறப்படு. வழியெல்லாம் மாதா உனக்குத் துணையிருக்கட்டும். படியேறும்போது மட்டும் குனிந்துகொண்டு வராதே தம்பி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வா.

உன் அக்கா,
இசபெல்லா